இரண்டு ஊருக்கு நடுவே

பெங்களூரு மெட்ரோவின் ஊதா தடத்தில் மெஜஸ்டிக்கை அடுத்த மூன்றாவது நிலையம் கப்பன் பார்க். எஸ்கலேட்டர் கொண்டுவந்து விடும் இடம் மின்ஸ்க் சதுக்கம். ஒரு பக்கம் சின்னசாமி கிரிக்கெட் மைதானம், மறுபக்கம் குயின்ஸ் சாலையிலிருந்தும் கப்பன் சாலையிலிருந்தும் வந்து முட்டிக்கொள்ளும் வண்டிகள். சிக்னல் பச்சைக்கு மாறும் முன்பே பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கிறார். டெலிவரி இளைஞர்கள் நடைபாதையில் ஏறி வருகிறார்கள். அந்தச் சந்தடியிலிருந்து சாலையைக் கடந்து, இரும்பு வேலியின் வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்தால் முதலில் ஹாரன் ஓய்கிறது. பிறகு டயர்களின் இரைச்சல். அதற்கும் பிறகுதான், இத்தனை நேரமும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கும் குக்குறுவானின் குரல் காதில் விழுகிறது.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் இந்தப் பூங்கா இருக்கும் இடம் திகைக்க வைக்கும். வடக்கு விளிம்பிலேயே செந்நிற உயர் நீதிமன்றம், அதற்கு எதிரில் விதான சௌதா. கிழக்கு முனையில் எம்.ஜி. சாலை தொடங்குகிறது. தெற்கே கஸ்தூர்பா சாலையும் அதற்கப்பால் கண்ணாடி மாளிகைகளும். தென்மேற்கு மூலையில் ஹட்சன் சதுக்கம், மாநகராட்சித் தலைமையகமாக இருந்த கட்டடம். அரசும் நீதியும் வியாபாரமும் நாலா பக்கமும் நெருக்கும் இப்படியொரு இடத்தில் 150 ஆண்டுகளுக்கு மேலாக மரங்கள் நிற்கின்றன. உள்ளே போக டிக்கெட் கிடையாது. யாரும் உங்கள் பெயரைக் கேட்பதில்லை, எதற்கு வந்தீர்கள் என்றும் கேட்பதில்லை. தென்னிந்தியாவின் பெருநகரங்களில் இதற்கு இணையாக இன்னோர் இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த அமைதி தானாக வந்ததில்லை. யாரோ ஒரு காலத்தில் இரண்டு ஊர்களைப் பிரித்து வைப்பதற்காக விட்ட நிலம், பிற்காலத்து மக்களின் பிடிவாதத்தால் எல்லோருக்கும் பொதுவான இடமாகியிருக்கிறது. அந்தக் கதையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு.

தண்டும் பேட்டையும்

1870-ல் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி இந்தப் பூங்காவை அமைத்தார். பெங்களூருவின் சாங்கி ஏரி அவர் பெயரில்தான் இருக்கிறது. அப்போது பொறுப்பு ஆணையராக இருந்த ஜான் மீட் பெயரால் முதலில் இதற்கு மீட்ஸ் பார்க் என்று பெயர். பிறகு, 1834 முதல் 1861 வரை மைசூரை நிர்வகித்த ஆணையர் மார்க் கப்பனின் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பன் இந்தப் பூங்காவைப் பார்த்ததே இல்லை. பதவியை விட்டுத் தாய்நாடு திரும்பும் வழியில் சூயஸில் இறந்துபோனார். பூங்கா பிறந்தது அதற்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளிவிழாவை ஒட்டி 1927-ல் ஸ்ரீ சாமராஜேந்திர பூங்கா என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்களின் நாக்கில் கப்பன் பார்க்தான் நின்றது.

இங்கே இப்படி ஒரு வெற்றிடம் கிடைத்ததற்குக் காரணம் பெங்களூரு அப்போது ஓர் ஊராக இல்லாததுதான். 1537-ல் கெம்பே கௌடா எழுப்பிய பேட்டை மேற்கே இருந்தது. நெசவாளர்கள், எண்ணெய் வணிகர்கள், தானிய மண்டிகள், கன்னடமும் தெலுங்கும் கலந்த தெருக்கள். 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து வந்திறங்கிய பிரிட்டிஷ் படை அல்சூர் ஏரிப் பக்கம் தன் கன்டோன்மென்ட்டை, ஊர்ப் பேச்சில் தண்டை, அமைத்தது. படையோடு ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் ஒப்பந்தக்காரர்கள், கணக்கர்கள், சமையற்காரர்கள், சிப்பாய்கள், வியாபாரிகள் என்று ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்தார்கள். 1881-ல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும் கன்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷாரின் கையிலேயே இருந்தது. 1947-ல்தான் அது மைசூரிடம் வந்தது. 1949-ல்தான் இரண்டும் இணைந்து ஒரே மாநகராட்சியாயின. அதுவரை ஒரு பக்கம் மகாராஜாவின் ஊர், மறுபக்கம் கம்பெனிப் படையின் வாரிசான ஊர். இரண்டுக்கும் நடுவே கப்பன் பார்க்.

பாண்ட் ஸ்டாண்ட் அருகே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எழுபதைத் தாண்டியவர், அல்சூர்க்காரர்.

“தம்பி மெட்ராஸா? பேச்சுலயே தெரியுதே. எங்க கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுலேருந்து வந்தவராம். எங்கப்பா காலத்துல அந்தப் பக்கம் போறதுன்னா, சிட்டிக்குப் போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவாங்க. நாங்க இருக்கறது தண்டு. நடுவுல பார்க். பார்க்கைத் தாண்டினா வேற ஊரு, வேற பேச்சு.”

தினமும் வருவீர்களா என்று கேட்டேன்.

“பொழுது விடிஞ்சா இங்கதான். தொண்ணூத்தொண்ணுல காவேரி கலாட்டா வந்துது பாருங்க, அப்போ மட்டும் கொஞ்ச நாள் வரல. வீட்டுல விடல. அப்புறம் ஒரு நாள் வந்தேன். இதே பெஞ்சுல வந்து உட்கார்ற கௌடரு, எங்க ஆளையே காணோம்னு கேட்டாரு. உடம்பு சரியில்லைன்னேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவ்வளவுதான், மேற்கொண்டு பேசிக்கல.”

1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூருவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின. அந்த நாட்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு பெஞ்சில் இருவர் மறுபடி உட்கார்ந்த கதை அவற்றில் இருக்க வாய்ப்பில்லை. பிரிப்பதற்காக விட்ட நிலத்தில்தான் அது நடந்திருக்கிறது.

காணாமல்போன ஏரி

பூங்காவின் மேற்குப் பக்கம் கண்டீரவா விளையாட்டரங்கம். அது நிற்கும் இடம் முன்பு சம்பங்கி ஏரி. ஏரி நீரை நம்பி அதன் ஓரங்களில் காய்கறியும் பூவும் பயிரிட்டவர்கள் திகளர்கள். தமிழ் நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பு வந்து குடியேறியதாகத் தங்கள் மரபைச் சொல்லும் தோட்டக்காரச் சமூகம். பெங்களூருவைத் தோட்ட நகரம் என்று உலகம் அழைக்கிறதே, அந்தப் பெயருக்கு முதல் உரிமை இவர்களுடையது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன; மண்ணைக் கொத்தி நீர் பாய்ச்சியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் நகரத்துக்கு வந்தது. அதன்பின் ஊருக்குள் இருந்த ஏரிகளின் அருமை குறையத் தொடங்கியது. சம்பங்கி ஏரி மெல்ல மெல்ல வற்றவிடப்பட்டு, மைதானமாகி, கடைசியில் விளையாட்டரங்கமாயிற்று. ஆனால் முழுவதும் போய்விடவில்லை. ஒரு குளத்தளவு நீர் மட்டும் இன்றும் விடப்பட்டிருக்கிறது. காரணம் கரகம்.

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் பெங்களூரு கரகம் திகளர்களின் திருவிழா. பேட்டையில் இருக்கும் தர்மராயசுவாமி கோயில்தான் அதன் மையம், தெய்வம் திரௌபதி. வீரகுமாரர்கள் உருவிய வாளோடு காவல் வர, மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து வருபவர் இரவு முழுவதும் ஊரைச் சுற்றுவார். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போவது மரபு. நம் வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தெரியாது. அந்தச் சடங்குகளில் சம்பங்கி ஏரிக்கும் ஓர் இடம் உண்டு என்பதால்தான், எந்தச் சட்டமும் காப்பாற்ற முடியாத ஏரியில் ஒரு துண்டை ஒரு திருவிழா காப்பாற்றி வைத்திருக்கிறது. பூங்காவில் நடப்பவர்கள் இந்தப் பக்கம் வந்து இதையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

குழாய் நீரைக் கொண்டுவந்த திவான் பூங்காவுக்குள்ளேயே சிலையாக நிற்கிறார். கு. சேஷாத்ரி ஐயர். 1845-ல் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1883 முதல் 1901 வரை மைசூரின் திவானாக இருந்தவர். காவிரி சிவனசமுத்திரத்தில் விழும் இடத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. 1902-ல் அந்த மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது; 1905-ல் பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை, 1901-லேயே காலமாகிவிட்டார். 1913-ல் வைஸ்ராய் ஹார்டிஞ்சு அவருடைய சிலையைத் திறந்துவைத்தார். அவர் நினைவாக 1915-ல் எழுப்பப்பட்ட செந்நிற மண்டபம்தான் இன்றைய மாநில மத்திய நூலகம். பூங்காவுக்குள் இருக்கும் கட்டடங்களில் பூங்காவுக்குப் பொருத்தமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். புத்தகமும் நிழலும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன.

காளி என்ற நாய்

கஸ்தூர்பா சாலை ஓரமாக அரசு அருங்காட்சியகம். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தை உருவாக்கிய அதே மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர்தான் 1865-ல் இதையும் தொடங்கக் காரணமானவர். இப்போதுள்ள கட்டடம் சாங்கி வடிவமைத்தது. இதன் சேகரிப்பில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமிழ் வாசகர்கள் அதைப் பற்றித் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த நடுகல் அது. மேலே ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் புடைப்புச் சிற்பம், சுற்றிலும் பழைய கன்னட எழுத்துகள். தக்கோலப் போரில், பொ.ஆ. 949-ல், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகக் கங்க மன்னன் பூதுகன் சண்டையிட்டு, யானை மேல் இருந்த சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்றான். முதலாம் பராந்தகனின் மகன், வீராணம் ஏரியோடு சேர்த்துத் தமிழகம் நினைவில் வைத்திருக்கும் இளவரசன். அந்த வெற்றிக்குத் துணைநின்ற மணலேரன் என்ற வீரனிடம், உனக்கு என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்டான். மணலேரன் ஊரைக் கேட்கவில்லை, பொன்னைக் கேட்கவில்லை. பூதுகனிடம் இருந்த காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு ஒரு நாள் காளி பெரிய காட்டுப்பன்றி ஒன்றோடு மோதியது, இரண்டுமே மடிந்தன. அந்த நாய்க்காக மணலேரன் நட்ட கல் இது. வழிபாட்டுக்கு நிலமும் விடப்பட்டது.

சோழ வரலாற்றையே திருப்பிப்போட்ட ஒரு மரணம் ஒரு நாயின் நினைவுக் கல்லில் பதிவாகியிருக்கிறது. தக்கோலம் அரக்கோணத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே விழுந்த இளவரசனின் செய்தி, பேட்டைக்கும் தண்டுக்கும் நடுவிலிருந்த பூங்காவின் ஓரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூருக்காரர்கள் தங்கள் நாய்களைக் கூட்டிக்கொண்டு இதே பூங்காவுக்கு வருகிறார்கள். அவற்றை அவிழ்த்து விட்டு ஓடவிடத் தனியாக ஒரு வளாகம்கூட இருக்கிறது. காளியைப் பற்றி அங்கே ஒரு பலகை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாதம் ஒரு நிறம்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியை நம்பித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். கப்பன் பார்க்கில் 96 வகைத் தாவரங்கள், ஏறத்தாழ 6,000 மரங்கள் இருப்பதாகத் தோட்டக்கலைத் துறையின் கணக்கு. சில்வர் ஓக் வரிசைகள், தூங்குமூஞ்சியின் பரந்த குடைகள், நெட்டிலிங்கம், மகோகனி, அரோகேரியா, ஆல வகைகள். நடுவில் மூங்கில் புதர்கள். மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசும்போது எழும் முனகலைக் கேட்பதற்காகவே நான் அங்கே போய் நிற்பதுண்டு.

பெங்களூருவின் மரங்களைப் பற்றிப் பேசும்போது குஸ்டாவ் ஹெர்மன் க்ரும்பீகல் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ட்ரெஸ்டன் அருகே பிறந்த ஜெர்மானியர். லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பரோடா சமஸ்தானம் வழியாக மைசூருக்கு வந்து லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்க வேண்டும், ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தெருவில் பூ இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. இரண்டு உலகப் போர்களின்போதும் பகை நாட்டுக்காரர் என்று அவரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். வெளியே வந்தும் அவர் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. 1956-ல் பெங்களூருவிலேயே இறந்தார்.

அவருடைய கணக்கு இன்றும் தப்பவில்லை. டிசம்பர், ஜனவரியில் இளஞ்சிவப்புத் தபேபுயா. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் பூவாக நிற்கும். பிப்ரவரி, மார்ச்சில் மஞ்சள் தபேபுயாவும் ஜகரண்டாவின் ஊதாவும். ஏப்ரல், மேயில் செம்மயிற்கொன்றை எரியும்; கூடவே இயல்வாகையின் மஞ்சள் தரையெல்லாம் உதிர்ந்து கிடக்கும். ஐ.டி. அலுவலகத்தில் மாதக் கணக்கில் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு, இது இன்ன மாதம் என்று சொல்ல இந்த ஊரில் மரங்கள்தான் இருக்கின்றன.

பூ இல்லாத மாதத்திலும் மரத்துக்கு வேலை உண்டு. பெங்களூருவின் சாலையோர மரங்களைப் பற்றி 2013-ல் வெளியான ஆய்வு ஒன்று, மரநிழல் உள்ள சாலைகளில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருப்பதையும், தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம் 27.5 டிகிரி வரை குறைந்திருப்பதையும் பதிவு செய்தது. அதெல்லாம் வெறும் சாலையோர மரங்கள். நூற்றுக்கணக்கான ஏக்கரில் அடர்ந்து நிற்கும் மரங்கள் ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்பதை ஏப்ரல் மாத மதியத்தில் கஸ்தூர்பா சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் தோலே சொல்லிவிடும்.

சென்னை இழந்த பூங்கா

கப்பன் பார்க்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சென்னையின் நினைவு வருகிறது. சென்னைக்கும் இப்படி ஒரு பூங்கா இருந்தது. கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, இன்றைய சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் உருவாக்கப்பட்டது. கப்பன் பார்க்குக்கு மூத்தது. குளங்கள், நடைபாதைகள், பாண்ட் வாசிக்க மேடை எல்லாம் இருந்தன. பால்ஃபர் எழும்பூரில் தொடங்கிய மிருகக்காட்சி சாலையும் அங்கேதான் இடம் மாறியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம், கடைவளாகம், ரயில்வேயின் தேவைகள். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருந்தது. எதுவுமே கெட்ட நோக்கத்தில் வந்த கட்டடம் அல்ல. ரிப்பன் மாளிகையை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தது. அதே ஆண்டு மிருகங்கள் வண்டலூருக்குப் போயின. 116 ஏக்கர் பூங்காவில் மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள் எஞ்சின. ‘பார்க் டவுன்’ என்ற பேட்டைப் பெயரும் பார்க் ரயில் நிலையமும் எஞ்சின. அந்த நிலையத்தில் தினமும் இறங்கி ஏறுபவர்களில் எத்தனை பேருக்கு அது எந்தப் பார்க் என்று தெரியும்?

ஒரு நகரம் தன் பூங்காவை ஒரே நாளில் இழப்பதில்லை. பயனுள்ள கட்டடம் ஒவ்வொன்றாக வந்துதான் இழக்கிறது. கப்பன் பார்க்குக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். நடக்கவும் தொடங்கியது. சுமார் 100 ஏக்கரில் தொடங்கிய பூங்கா ஒரு கட்டத்தில் 300 ஏக்கர் வரை விரிந்தது என்பார்கள். இன்று அத்தனையும் பச்சையாக இல்லை. நூலகம், அருங்காட்சியகம், 1962-ல் நேரு திறந்துவைத்த விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம், பால் பவன், டென்னிஸ் அரங்கம், செஞ்சுரி கிளப், பிரஸ் கிளப், அரசு அலுவலகங்கள் என்று ஓரங்கள் நிரம்பின. உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரியையே இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டலாம் என்ற யோசனைகூட வந்தது. 1868-ல் கட்டி முடித்த அந்தச் சிவப்புக் கட்டடம் மக்கள் எதிர்ப்பால் தப்பியது.

1975-ல் கர்நாடக அரசு கப்பன் பார்க்கையும் லால்பாக்கையும் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 1998-ல் அதே அரசு, அரசுக் கட்டடங்கள் நின்ற 30 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியைப் பூங்காவின் எல்லையிலிருந்து நீக்க முனைந்தபோது ஊரே கொதித்தது. நடைப்பயிற்சிக்காரர்கள், மாணவர்கள், எழுத்தாளர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று எல்லோரும் பூங்காவிலேயே கூடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். கேட்டது எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கப்பன் பார்க்கில் ஒரு செங்கல் வைக்க வேண்டுமென்றாலும் ஆட்சியாளர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. இன்றுவரை புதிய கட்டடம் என்ற பேச்சு எழும் ஒவ்வொரு முறையும் காலையில் நடக்க வருபவர்கள்தான் முதலில் பதாகை பிடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் காக்கும் சட்டம் 1959-லேயே வந்துவிட்டது. கர்நாடகத்தின் சட்டத்துக்கு 16 ஆண்டுகள் முந்தையது. நம்மிடம் குறைந்தது சட்டம் அல்ல. பீப்பிள்ஸ் பார்க் என் பூங்கா, இதில் கை வைக்காதே என்று சொல்ல அங்கே தினமும் நடந்த கால்கள் போதவில்லை.

யாருக்கும் தெரியாதவர்களாக

சனிக்கிழமை காலையில் கப்பன் பார்க்கின் புல்வெளியில் ஒரு காட்சி. போர்வையையும் பாயையும் விரித்துக்கொண்டு பல நூறு இளைஞர்கள் படுத்தும் சாய்ந்தும் குப்புறக் கிடந்தும் புத்தகம் படிக்கிறார்கள். தலைவர் கிடையாது, பேச்சாளர் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. படித்துவிட்டு எழுந்து போகிறார்கள். ‘கப்பன் ரீட்ஸ்’ என்று சில ஆண்டுகளுக்கு முன்பு ஓரிரு நண்பர்கள் தொடங்கியது. இப்போது அதைப் பார்த்துப் பல நகரங்களில், வெளிநாடுகளிலும்கூட, பூங்காக்களில் இப்படிச் சேர்ந்து படிக்கிறார்கள். வாசிப்பு செத்துவிட்டது என்று மேடைதோறும் புலம்புபவர்களை ஒரு சனிக்கிழமை இங்கே அழைத்துவர ஆசை.

ஆனால் வார நாளின் பிற்பகல்தான் இந்தப் பூங்காவின் உண்மையான முகம் என்று நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கு வழக்குக்காக வந்த கிராமத்துக் குடும்பம் தூங்குமூஞ்சி மரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருக்கிறது. வக்கீல் ‘அடுத்த மாதம்’ என்று சொல்லியிருக்கிறார். ராத்திரி பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இருவர் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். மழைக்காலத்துக் கோட்டோடு ஒரு முதியவர் யாரோடும் பேசாமல் நடக்கிறார். இரண்டே அறைகளில் ஏழு பேர் வாழும் வீடுகளிலிருந்து வரும் காதலர்களுக்குச் சற்றுத் தோள் சாய இந்த நகரத்தில் வேறு இடம் எது? மால்களில் உட்கார்ந்தால் காபியாவது வாங்க வேண்டும். இங்கே வெறுமனே இருக்கலாம்.

அதனால்தான் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் வைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. பராமரிப்புச் செலவு என்ற வாதம் எனக்குத் தெரியும். 15 ரூபாயோ 20 ரூபாயோ யாருக்குப் பெரிது என்பதும் தெரியும். அது பெரிதாக இருக்கும் மனிதருக்குத்தான் மரத்தடியின் தேவையும் அதிகம். அந்தத் துண்டு விரித்த குடும்பம் வாசலில் ஐந்து டிக்கெட் எடுக்காது. நீதிமன்றச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருக்கும்.

இங்கேயும் கெடுபிடி இல்லாமல் இல்லை. நிகழ்ச்சி நடத்தத் தோட்டக்கலைத் துறையின் அனுமதி வேண்டும். அதை எந்த அளவுக்கு இறுக்குவது என்று துறைக்கும் இளைஞர்களுக்கும் இழுபறி நடக்கிறது. குப்பையைப் பார்த்தால் துறையின் பக்கம் நியாயம் தெரிகிறது. காலையில் பெருக்கும் பெண்களின் சாக்குகளில் நிரம்பும் பிளாஸ்டிக்கைப் பார்த்துவிட்டு அதை மறுக்க முடியாது. ஆனால் குப்பைக்குத் தண்டனை குப்பை போட்டவருக்குப் போக வேண்டும். புல்லில் உட்கார்ந்து பாடியவருக்கு அல்ல.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு: பெங்களூர் மெயில் விடிவதற்கு முன்பே கொண்டுபோய் இறக்கிவிடும். வெளிச்சம் வரும்வரை நிலையத்தில் காத்திருந்துவிட்டு மெஜஸ்டிக்கிலிருந்து மெட்ரோ பிடியுங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று பூங்காவின் உள்சாலைகளில் வண்டிகளை விடுவதில்லை. சாலை முழுவதும் குழந்தைகளும் சைக்கிள்களும். மின்ஸ்க் சதுக்க வாசலில் நுழைந்து, பாண்ட் ஸ்டாண்ட், மூங்கில் புதர், சேஷாத்ரி ஐயர் மண்டபம் என்று நடந்து, தென்மேற்கு மூலையில் வெளியே வாருங்கள். தண்டிலிருந்து பேட்டைக்கு நடந்திருப்பீர்கள். தின்பண்டத்தை மட்டும் எடுத்துப் போக வேண்டாம், உள்ளே சாப்பிடத் தடை இருக்கிறது. ஹட்சன் சதுக்கத்தைத் தாண்டிப் பேட்டைப் பக்கம் இறங்கினால் மசால் தோசைக்குப் பஞ்சமில்லை.